இறக்கம்

தெளிமருந்து புழக்கத்துக்கு வந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. அதன் நிஜப் பெயர் யார் வாயிலும் நுழையாது. மறதிநோய் முற்றிப்போன ஒருவருக்கு அதை நரம்பில் ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் கண்ணை விழித்துப் பழைய ஆளாக எழுந்து உட்காருவார். தன் பெயர் தெரியும், ஊர் தெரியும், பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியும். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குத்தான். அதன் பிறகு மறுபடியும் மூழ்கிப் போவார். அந்த ஒரு மணி நேரத்தைத் 'தெளிவு' என்றார்கள். மாதம் ஒரு தெளிவுக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது.

தெளிவுக்குப் பிறகு வருகிற நாட்களுக்கும் ஒரு பெயர் உண்டு. அது பராமரிப்பாளர்கள் தங்களுக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட பெயர். இறக்கம்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற சாலையில், சிறுமலையின் அடிவாரத்தில் 'மலைநிழல்' என்று ஓர் இல்லம் இருந்தது. ஜெசிந்தா அங்கே தலைமைப் பராமரிப்பாளர். கூட வேலை பார்த்தவர்களில் பலர், பஸ்ஸில் யாராவது விசாரித்தால் ஆஸ்பத்திரியில் வேலை என்று மழுப்பிவிடுவார்கள். ஜெசிந்தா அப்படிச் சொன்னதில்லை. மறதிக்காரங்களைப் பார்த்துக்கிறேன் என்று பட்டென்று சொல்வாள். சட்டை மாற்றாமல் சீருடையோடுதான் பஸ் ஏறுவாள். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, துடைப்பது எல்லாம் செய்வீங்களா என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தபோது, அதையெல்லாம் யார் வேணும்னாலும் செய்யலாம், பயந்து நடுங்குற ஒருத்தரை நடுங்காம ஆக்குறதுதான் என் வேலை என்றாளாம்.

அவள் பொறுப்பில் இருந்தவர்களில் ஒருவர் அங்கயற்கண்ணி. எல்லாருக்கும் அவர் டீச்சர். அந்தக் காலத்தில் மாநிலப் பெண்கள் கபடி அணியில் ஆடியவர். பிறகு ஓர் அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. ஓய்வு பெற்று நான்கைந்து வருடத்தில் மறதி பிடித்துக்கொண்டது. புருஷன் முன்பே போய்விட்டார். ஒரே மகன் திருமாறன் சென்னையில் கப்பல் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். நல்ல மகன்தான். மாதம் தவறாமல் தெளிவு நாளன்று வந்துவிடுவான்.

தெளிவில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு தெளிவில் பேசியது அடுத்த தெளிவில் ஞாபகம் இருக்கும். நடுவில் கழிந்த நாட்கள் துளியும் நினைவிருக்காது. போன மாதம் பாதியில் விட்ட பேச்சை, தண்ணீர் குடித்துவிட்டு வந்தவர் போல டீச்சர் தொடருவாராம். இதெல்லாம் திருமாறன் சொல்லித்தான் ஜெசிந்தாவுக்குத் தெரியும். ஏனென்றால் தெளிவின்போது பராமரிப்பாளர் யாரும் அறைக்குள் இருக்கக்கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் நோயாளி சொல்வது சட்டப்படி செல்லும். உயில் எழுதலாம், சொத்தை மாற்றலாம். கூடவே இருக்கிறவர்கள் மனதைக் கலைத்துவிடுவார்கள் என்று பயந்து, சொந்தமும் டாக்டரும் மட்டுமே உள்ளே இருக்கலாம் என்று விதி போட்டிருந்தார்கள். ஜெசிந்தா காலையில் டீச்சரைக் குளிப்பாட்டி, புடவை கட்டிவிட்டு, தலை வாரிவிட்டு வெளியே வந்துவிடுவாள். கதவு சாத்தப்படும். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். நேரம் முடிந்து திருமாறன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கார் ஏறிய பிறகு, இறக்கத்துக்கு அவள் உள்ளே போவாள்.

இறக்கம் என்றால் இதுதான். திடீரென்று வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இருட்டுக்குத் திரும்புகிற மனம் தடுமாறிப் போகும். தரை எங்கே இருக்கிறது என்று தெரியாது. வருகிறவர்கள் எல்லாம் எதிரி. டீச்சர் கடிப்பார், பிறாண்டுவார், கதவை முட்டுவார், யாரையோ தேடி ஓடுவார். ஆடிப் பழகிய உடம்பு, பலத்துக்குக் குறைவில்லை. இரண்டு மூன்று நாள் ஜெசிந்தா வீட்டுக்குப் போகமாட்டாள். மருந்தின் கையேட்டில் இதற்கு 'லேசான குழப்பம்' என்று போட்டிருந்தது.

அப்படி ஓர் இறக்கத்தில்தான் அது நடந்தது. காய்கறி வண்டிக்காகக் கேட்டைத் திறந்த நேரத்தில் டீச்சர் பாய்ந்து வெளியே ஓடிவிட்டார். நத்தம் சாலையில் லாரி வந்துகொண்டிருந்தது. பின்னாலேயே ஓடிய ஜெசிந்தா மேல்கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் மண்ணில் விழுந்தார்கள். லாரி நிற்காமல் போய்விட்டது. கேமராவின் பார்வை கேட்டோடு முடிந்துவிடும். காய்கறிக்காரர் வண்டிக்குள் குனிந்திருந்தார். ஜெசிந்தா டீச்சரைத் தூக்கிக்கொண்டு வந்து, இல்லத்து டாக்டர் ஹபீபாவிடம் நடந்ததைச் சொல்லி, கையில் மருந்து போட்டாள். மறுநாள் அந்தக் கையில் கருநீலமாகத் தடம் எழுந்திருந்தது.

மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு வந்த திருமாறன், வழக்கமில்லாமல் அம்மாவைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நுழைந்தது அதற்கு அடுத்த நாள். தெளிவு இல்லாத நாளில் அவன் வந்ததே அதுதான் முதல் தடவை. தலை கலைந்து, மூலையில் ஒண்டி, தன்னைக் கண்டதும் அலறிய அம்மாவைப் பார்த்தான். கையில் விரல் பதிந்த தடத்தைப் பார்த்தான். அவன் மனம் எங்கே போகும்? அடித்துத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே புகார் கொடுத்துவிட்டான்.

ஜெசிந்தாவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் அம்மாள் விசாரிக்க வந்தார். சாட்சி இல்லை, கேமரா இல்லை. அப்படியானால் அடிபட்டவரையே கேட்டுவிடலாம், அவசரத் தெளிவு ஒன்று கொடுங்கள் என்றார். நடுவில் நடந்தது அம்மாவுக்கு நினைவிருக்காது என்று தெரிந்தும், இந்தத் தடவையாவது ஏதாவது ஞாபகம் வராதா என்ற ஆசையில் திருமாறனும் அதையே சொன்னான்.

டாக்டர் ஹபீபா ஜெசிந்தாவை வரவழைத்து விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் மாறிப்போயிற்று.

"வேண்டாம் டாக்டர். போன இறக்கமே இன்னும் அடங்கல. அதுக்கு மேல மறுபடி ஏத்துனா டீச்சர் தாங்கமாட்டாங்க. தெளிவுல கேட்டாலும் அவங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்கப்போறதில்ல. நான் வேலைய விட்டுப் போயிடுறேன். முடிச்சுக்கச் சொல்லுங்க."

"அடிச்சேன்னு ஒத்துக்கிட்டாத்தான் முடிப்பாங்க. ஒத்துக்குவீங்களா?"

வேலை போனால் போகட்டும். ஊர் பேசினாலும் பேசட்டும். ஆனால் அந்த ஒரு சொல்லைத் தன் வாயால் சொல்ல அவளால் முடியாது. அதே சமயம், தன் பெயரைக் காப்பாற்ற அந்த அம்மாவை மறுபடியும் அந்தக் குழிக்குள் தள்ளவும் முடியாது. கடைசியில், ஒத்துக்கமாட்டேன், மருந்தும் ஏத்தாதீங்க என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். அவள் பேச்சை யார் கேட்பார்கள்? மறுநாள் காலை மருந்து ஏற்றப்பட்டது.

குற்றம் சாட்டப்பட்டவள் என்பதால் விசாரணை அம்மாள் அவளை உள்ளே அழைத்தார். தெளிவு அறைக்குள் ஒரு பராமரிப்பாளர் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

டீச்சர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அதே முகம், அதே கைகள். ஜெசிந்தாவுக்கு அந்த உடம்பில் எந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஆனால் அந்தக் கண்களுக்குப் பின்னால் இருந்த ஆளை அவள் பார்த்ததே இல்லை. ஒரு மைதானத்தையே அடக்கி ஆளக்கூடிய பார்வை. பயத்தையும் மீறி ஜெசிந்தாவின் நெஞ்சு நிமிர்ந்தது. இவ்வளவு பெரிய மனுஷிக்கா நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தாள்.

இந்தப் பெண் உங்களை அடித்தாரா என்று விசாரணை அம்மாள் கேட்டார். டீச்சர் ஜெசிந்தாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இவங்க யாரு?"

"உன்னைப் பாத்துக்கிறவங்கம்மா," என்றான் திருமாறன்.

"நீதானே என்னைப் பாத்துக்கிற?"

டீச்சரின் கணக்கில் வாழ்க்கை என்பதே தெளிவுகளை ஒட்டவைத்த ஒரே நீளப் பேச்சு. கண் விழிக்கும்போதெல்லாம் எதிரில் மகன் இருந்தான். எப்போதும் இருக்கிறான் என்றே நினைத்திருந்தார். தான் சென்னையில் இருப்பதையும் மாதம் ஒருமுறை வருவதையும் அவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். டீச்சர் அதைக் கேட்டு உடைந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்து, "அப்ப நீங்கதான் யாருன்னு சொல்லுங்க," என்றார்.

"நீங்க இங்க இல்லாதப்போ உங்ககூட இருக்கறவ, டீச்சர்."

டீச்சர் தன் கையைத் திருப்பித் தடத்தைப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவர் முகத்தில் ஒரு சுறுசுறுப்பு வந்தது. எழுந்து வெளிச்சத்துக்குப் போனார்.

"யாரு இதை அடின்னு சொன்னது? எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. ஆனா இதைப் படிக்க ஞாபகம் எதுக்கு? என் உடம்பெல்லாம் இந்தத் தடத்தோடதான் நான் வளர்ந்தேன். பெருவிரல் இந்தப் பக்கம், நாலு விரலும் அந்தப் பக்கம். எல்லாம் பின்னாடி இழுபட்டிருக்கு. முன்னாடி பாய்ஞ்சு போறவளைப் பின்னாலருந்து பிடிச்சா இப்படித்தான் விழும். இது அடி இல்ல, பிடி. நல்ல பிடி. விட்டிருந்தா நான் எங்கயோ போயிருப்பேன். எங்க?"

"ரோட்டுக்கு," என்றாள் ஜெசிந்தா. "லாரி வந்துச்சு."

சரிபார்க்க உன் கையைக் கொடு என்று டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். அவரை அறியாமல் 'நீ' என்று வந்துவிட்டது. முழுக்கைச் சட்டை மேலேறியது. முன்கை நெடுக, ஆறியதும் ஆறாததுமாகப் பல் பதிந்த தடங்கள். ஜெசிந்தா சட்டென்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் பிடியிலிருந்து கையை எடுக்க முடியவில்லை.

"இது யாரு பல்லு?"

"அதெல்லாம் வேலையில வர்றது, டீச்சர்."

"என்னுதா?"

ஜெசிந்தா டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஹபீபா இனி மறைக்க முடியாது என்று இறக்கத்தைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னார். ஒவ்வொரு தெளிவுக்குப் பின்னாலும் அது வருகிறது, வரவர நீளுகிறது, சோதனைகளில் யாரும் அந்த நாட்களைக் கணக்கில் எடுக்கவில்லை, குடும்பங்கள் கிளம்பிப் போன பிறகு நடப்பதால் யாருக்கும் தெரியவில்லை என்றார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிட்டது. திருமாறன் சுவரில் சாய்ந்து நின்றான்.

டீச்சர் ஜெசிந்தாவின் கையை விடவே இல்லை.

"அந்த நாள்ல நான் எப்படி இருப்பேன்? மழுப்பாம சொல்லு."

"பயப்படுவீங்க. கண்ணைத் திறந்துக்கிட்டே பயப்படுவீங்க. நான் மடியில போட்டுக்கிட்டு முதுகைத் தட்டிக்கிட்டே இருப்பேன். கடிச்சுக்கிட்டே தூங்குவீங்க."

"மத்த நாள்ல?"

ஜெசிந்தாவின் முகம் மலர்ந்துவிட்டது. மற்ற நாட்களைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதே இல்லை. காலையில் வெயில் ஏறுமுன் முற்றத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்துவது, சமையல்காரரைக்கூட விடாமல் குனிந்து நிமிர வைப்பது, இட்லிக்குச் சர்க்கரை கேட்டுச் சண்டை போடுவது, மழை வந்தால் நனையப்போவது, பக்கத்து அறை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காக மலையைப் பார்ப்பது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல டீச்சரின் கண்கள் பெரிதாயின.

"சந்தோஷமாவா இருக்கா அவ?"

"ஆமா டீச்சர். இறக்கம் இல்லாத நாள்ல சந்தோஷமாத்தான் இருக்காங்க."

டீச்சர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். எதிரில் இருக்கிற டீச்சரைப் பற்றியே இருவரும் 'அவ' என்றும் 'அவங்க' என்றும் பேசிக்கொள்வது அங்கே யாருக்கும் விநோதமாகப் படவில்லை.

"நான் ஒருத்திதான் உயிரோட இருக்கேன், நடுவுல எல்லாம் வெறும் இருட்டுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். அங்க ஒருத்தி குடியிருக்கா. நான் இங்க வந்து ஒரு மணி நேரம் பேசிச் சிரிச்சிட்டுப் போறதுக்கு அவ கிடந்து தவிக்கிறா. இவ கடி வாங்குறா. போதும்." டாக்டர் பக்கம் திரும்பினார். "நான் சொல்றது இப்ப செல்லும்ல? எழுதிக்குங்க. இதுக்கு மேல எனக்கு மருந்து வேண்டாம். இந்தப் பொண்ணு என்னைக் காப்பாத்துனா. அப்புறம், பின்னால எப்பவாவது மருந்து குடுக்கணும்னு வந்தா, எம் பையன் மட்டும் முடிவு பண்ணக்கூடாது. இவளும் சம்மதிக்கணும். அங்க இருக்கறவளைத் தெரிஞ்சவ இவதான்."

"அம்மா, அப்ப நான் உன்கூட எப்பப் பேசுறது?" திருமாறன் குழந்தை மாதிரி கேட்டான்.

"அவகூடப் பேசு. அவளும் உன்னைப் பெத்தவதான்."

மிச்சமிருந்த நேரத்தைத் தாய்க்கும் மகனுக்கும் விட்டுவிட்டு மற்றவர்கள் எழுந்தார்கள். ஜெசிந்தாவும் எழுந்தாள். டீச்சர் அவள் பெயரைக் கேட்டார். மறந்துபோவேன், பரவாயில்லை, சொல்லு என்றார். சொன்னாள். டீச்சர் அதை இரண்டு தடவை நிதானமாகச் சொல்லிப் பார்த்தார். பிறகு அவள் தோளில் பலமாக ஒரு தட்டு தட்டினார். மாநில அணியில் ஆடியவளின் கையால் வாங்கிய அந்தத் தட்டு அன்று முழுவதும் தோளில் வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தது ஜெசிந்தாவுக்கு.

அன்றைக்குத் திருமாறன் கார் ஏறவில்லை. இறக்கம் தொடங்கியபோது அறையிலேயே இருந்தான். முதல் அலறலில் வெளியே ஓடிப்போய் வராந்தாவில் உட்கார்ந்து அழுதான். பிறகு தானாகத் திரும்பி வந்தான். என்ன செய்ய வேண்டும் என்று ஜெசிந்தாவிடம் கேட்டான். காலைப் பிடிச்சுக்குங்க, அழுத்தாதீங்க என்றாள். அந்த இறக்கம் முன்பிருந்ததையெல்லாம்விடக் கடுமையாக இருந்தது. டீச்சர் ஓய்ந்து தூங்கும்போது அவன் சட்டையும் கிழிந்திருந்தது. மன்னிப்புக் கேட்க அவன் வாயெடுத்தபோது, முதல்ல சாப்பிட்டு வாங்க சார் என்று அனுப்பிவிட்டாள்.

அதோடு எல்லாம் நேராகிவிட்டது என்று சொல்ல முடியாது. ஜெசிந்தாவுக்கு வேலை மட்டும் திரும்பக் கிடைத்தது. விசாரணை அம்மாளின் அறிக்கை எங்கெங்கோ போயிற்று. ஒரு மழைக்காலம் கழிந்து, மருந்துக் கையேட்டில் 'இறக்கம்' என்ற சொல் அச்சாகி வந்தது. பராமரிப்பாளர்கள் வைத்த அதே பெயர். தெளிவு அறையில் பராமரிப்பாளருக்கும் ஒரு நாற்காலி போட வேண்டும் என்று விதி மாறியது. அதைத் தெரிந்துகொண்டும் சில குடும்பங்கள் மருந்தைத் தொடர்ந்தன. சில நோயாளிகளும், பரவாயில்லை, எனக்கு அந்த ஒரு மணி நேரம் வேண்டும் என்றார்கள். அவர்களுடைய முடிவு. இந்த முறை தெரிந்து எடுத்த முடிவு. ஜெசிந்தா மாவட்டம் மாவட்டமாகப் போய், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இறக்கத்தை எப்படித் தாங்குவது என்று சொல்லிக்கொடுத்தாள். அங்கெல்லாமும் சீருடையில்தான் போனாள்.

திருமாறன் வருவது குறைந்துபோனது. தன்னைத் தெரியாத அம்மாவின் முன்னால் உட்கார்ந்து என்ன பேசுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு ஒரு நாள் காலையில் வந்தான். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரே ஒரு தெளிவு, அம்மாவிடம் அதைச் சொல்லிவிட்டால் போதும், நீங்க சம்மதிக்கணும் என்று கேட்டான்.

முடியாது என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு வாய் வரவில்லை. சரி என்றும் வரவில்லை. இன்னைக்குப் பூரா டீச்சரோட இருங்க, சாயங்காலமும் இதையே கேட்டீங்கன்னா நான் சம்மதிக்கிறேன் என்றாள்.

டீச்சர் வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். திருமாறன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். எந்த ஊர் டீம் என்று கேட்டார். சென்னை என்றான். சென்னைக்காரங்களுக்குக் கால் நிக்காது என்றார். வெயில் ஏறி, நிழல் நகர்ந்து, இருவரும் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் தானாகப் பேச ஆரம்பித்தார். துண்டு துண்டாக, விட்டுவிட்டு, எதிரில் இருப்பது யாரோ வெளியூர்க்காரர் என்ற நினைப்பில்.

"எனக்கு ஒரு பையன் இருக்கான். ஒல்லி. கபடிக்கு ஆகமாட்டான். ஸ்கூல் மேட்ச்ல ஒருநாள் எல்லாரும் அவுட்டு. இவன் ஒருத்தன்தான் பாக்கி. எதிர்ல ஏழு பேரும் தடியனுங்க. எல்லைக் கோட்டைத் தொட்டுட்டு ஓடி வந்திருக்கலாம். வரல. நடுவுல போய் நின்னான். தூக்கிப் போட்டுட்டானுங்க. எந்திரிச்சு மண்ணைத் தட்டிட்டு வந்தான். அழல. எனக்கு அன்னைக்கு..." நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். மிச்சத்தை முகம் சொல்லிற்று.

"அதை உங்க பையன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா தலைக்கேறிடும்." டீச்சர் சிரித்தார். "நீ சொல்லிடாத."

அந்த நாள் திருமாறனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தோற்றுவிட்டு வந்தவனிடம் அம்மா, தண்ணி குடி என்று மட்டும் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். அம்மாவுக்குத் தன்னால் அவமானம் என்று அன்றைக்கு நினைத்தவன், அப்படியே நினைத்துக்கொண்டு இத்தனை வயதாகியிருந்தான். தெளிவுகளில் எவ்வளவோ பேசியிருக்கிறார்கள். இது ஒருபோதும் வந்ததில்லை.

சாயங்காலம் கிளம்பும்போது வராந்தாவில் ஜெசிந்தாவின் முன்னால் வந்து நின்றான். மருந்தைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"அந்த மேட்ச் கதை... அம்மா இதுக்கு முன்னாடியும் சொல்லியிருக்காங்களா?"

"தினமும் சொல்வாங்க சார். இங்க சமையக்கட்டு வரைக்கும் எல்லாருக்கும் மனப்பாடம்."

"எங்கிட்ட யாருமே சொல்லலையே."

"நீங்க வர்ற நேரத்துல நாங்க வெளிய இருந்தோம்," என்றாள் ஜெசிந்தா. குற்றமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அவன், வருகிற சனிக்கிழமை மகளையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டான்.

"தாராளமா வாங்க. ஆனா காலையிலேயே வந்துடுங்க," என்றாள் ஜெசிந்தா. "காலை நேரத்துல எங்க டீச்சர் பேசிக் கேக்கணும்." தன் வீட்டு ஆளைப் பற்றிச் சொல்கிறவளின் பெருமை அவள் குரலில் இருந்தது.